நாமினி போட்டாச்சு, சரி... பணம் யாருக்குப் போகும்?

உங்க பிஎஃப் கணக்குல நாமினி யாருன்னு இப்ப உடனே சொல்ல முடியுமா? சம்பளக் கணக்குல யாரு? கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் இன்சூரன்ஸ்ல?

பல பேருக்குப் பதில் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ஹெச்ஆர் நீட்டின ஃபார்ம்ல அம்மா பேரோ அப்பா பேரோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்போம். அதுக்கப்புறம் ரெண்டு கம்பெனி மாறியிருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், குழந்தையும் பிறந்திருக்கும். ஃபார்ம் மட்டும் அப்படியே இருக்கும்.

நம்ம திருக்கனூர் பக்கம் இது இன்னும் முக்கியம். சேதராப்பட்டு, திருபுவனை கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போறவங்க, சென்னை, பெங்களூருல இருக்கறவங்கன்னு நிறைய வீட்டுல முதல் தலைமுறை மாதச் சம்பளக்காரங்க இருக்காங்க. அப்பாவோட சொத்து நிலம். அது எங்க இருக்கு, பட்டா யார் பேர்ல இருக்குன்னு ஊருக்கே தெரியும். நம்ம சொத்து பிஎஃப், எஃப்டி, எஸ்ஐபி, இன்சூரன்ஸ். அது எங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கு யார் சொந்தக்காரர்ங்கறது நமக்கே தெரியாது. அதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

நாமினி வேற, வாரிசு வேற

நாமினின்னா பணத்தை வாங்கிக்க அனுமதி உள்ளவர். வாரிசுன்னா அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா பிரச்சினை இல்ல. வேற வேற ஆளா இருந்தா, நாமினி வாங்கின பணத்தை வாரிசுகளுக்குக் கொடுக்கணும். கொடுக்கலன்னா வாரிசுகள் கோர்ட்டுக்குப் போகலாம்.

இது புதுச் சட்டம் இல்ல. சர்பதி தேவி எதிர் உஷா தேவி வழக்குல 1983லயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிடுச்சு. கணவரோட எல்ஐசி பாலிசிகள்ல மனைவி நாமினி. முழுப் பணமும் தனக்குத்தான்னு அவங்க சொன்னாங்க. இறந்தவரோட அம்மா எனக்கும் பங்கு உண்டுன்னு கேட்டாங்க. நாமினி பணத்தை வாங்கிக்கலாம், ஆனா வாரிசுரிமைச் சட்டப்படி அது பிரியணும்னு தீர்ப்பு வந்துச்சு. பேங்க் கணக்குக்கும் இதே விதின்னு 2010ல ராம் சந்தர் தல்வார் வழக்குல சொன்னாங்க.

ஷேர், மியூச்சுவல் ஃபண்டுல மட்டும் குழப்பம் நீடிச்சுது. 'கால்நிர்ணய்' காலண்டரைத் தொடங்கின ஜெயந்த் சால்காவ்கர் உயில் எழுதி வச்சுட்டு 2013ல இறந்தார். உயில்படியா, நாமினேஷன்படியான்னு குடும்பத்துக்குள்ள வழக்கு. அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023 டிசம்பர் 14ல தீர்ப்பு வந்துச்சு: நாமினேஷன்ங்கறது வாரிசுரிமைக்குத் தனி வழி கிடையாது. உயில் இருந்தா உயில்படி, இல்லன்னா வாரிசுரிமைச் சட்டப்படி.

உயில் இல்லன்னா ஆண்களோட சொத்து எப்படிப் பிரியும்?

இங்க சொல்றது இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956. புதுச்சேரிக்கு இது 1963ல நீட்டிக்கப்பட்டுச்சு. ஒரு விதிவிலக்கு இருக்கு. பிரெஞ்சு ஆட்சியில 1881ல வந்த ஆணைப்படி தங்களோட தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்ட ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வாரிசு விதிகள் வேற. இவங்க எல்லாம் இந்தப் பகுதியையும் அடுத்த பகுதியையும் தங்களுக்குன்னு எடுத்துக்காம, ஒரு வக்கீலைப் பார்க்கறது நல்லது.

ஒரு ஆண் தானா சம்பாதிச்ச சொத்துக்கு முதல் வரிசை வாரிசுகள்: மனைவி, மகன், மகள், அம்மா. எல்லாருக்கும் சம பங்கு. இவங்களுக்கு முன்னாடியே இறந்துபோன மகன், மகள் இருந்தா அவங்க பிள்ளைகளும் வருவாங்க.

பட்டியலை இன்னொரு தடவை படிங்க. அப்பா அதுல இல்ல. அவர் ரெண்டாம் வரிசை. முதல் வரிசையில ஒரே ஒருத்தர் இருந்தாலும் அப்பாவுக்குச் சட்டப்படி பங்கு வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 32 வயசு பையன். எஃப்டியில 6 லட்சம். வேலைக்குச் சேர்ந்தப்போ அப்பாவை நாமினியா போட்டான். இப்ப மனைவி, ஒரு பெண் குழந்தை, அப்பா, அம்மா இருக்காங்க. அவன் உயில் எழுதாம இறந்துட்டா என்ன ஆகும்?

பேங்க் 6 லட்சத்தையும் அப்பாகிட்ட கொடுக்கும். அதுல பேங்க் மேல தப்பு இல்ல. ஆனா சொந்தக்காரங்க மனைவி, குழந்தை, அம்மா மூணு பேரும்தான். தலைக்கு 2 லட்சம். வாங்கின அப்பாவுக்கு அதுல பங்கே கிடையாது. இது அந்த அப்பாவுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. "எம்புள்ள எம்பேர்லதான எழுதி வச்சான்"னு அவர் சொல்லுவார். அவர் சொல்றதும் அவர் மனசறிய உண்மைதான். சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

கல்யாணம் ஆகாத பையனா இருந்தா? அம்மா உயிரோட இருந்தா முழுசும் அம்மாவுக்கு. கல்யாணம் ஆகி குழந்தை இல்லன்னா மனைவிக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி.

பெண்களுக்கு வரிசை வேற, அவசியம் படிங்க

வேலைக்குப் போற பெண்கள் பல பேருக்கு இது அதிர்ச்சியா இருக்கும். ஒரு இந்துப் பெண் உயில் எழுதாம இறந்தா, அவங்க சொந்தமா சம்பாதிச்ச சொத்து 15-வது பிரிவின்படி இந்த வரிசையில போகும்:

1. மகன், மகள், கணவர்
2. கணவரோட வாரிசுகள்
3. அம்மா, அப்பா
4. அப்பாவோட வாரிசுகள்
5. அம்மாவோட வாரிசுகள்

கல்யாணம் ஆகாத பெண்ணா இருந்தா, முதல் ரெண்டு வரிசையில யாரும் இல்லாததால அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் சமமாப் போகும். கல்யாணம் ஆகி, குழந்தை இல்லாம இறந்தா எல்லாம் கணவருக்கு. கணவரும் இல்லன்னா மாமியார், கொழுந்தனார், நாத்தனார் பக்கம் போகும். அதுக்கப்புறம்தான் பெத்தவங்க. அம்மா அப்பாகிட்டேர்ந்து வாரிசா வந்த சொத்துக்கு மட்டும் விதி வேற: பிள்ளைகள் இல்லன்னா அது அப்பாவோட வாரிசுகளுக்குத் திரும்பிப் போகும். சம்பாதிச்ச பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல.

நடைமுறையில இது எப்படி இருக்கும்னு ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கு காட்டுது. நாராயணி தேவிக்கு 1955ல கல்யாணம். மூணு மாசத்துல கணவர் பாம்பு கடிச்சு இறந்துட்டார். புகுந்த வீட்டுல துரத்திட்டாங்க. பிறந்த வீட்டுலதான் படிக்க வச்சாங்க. வேலைக்குப் போனாங்க, சம்பாதிச்சாங்க. 1996ல உயில் எழுதாம இறந்தாங்க. பேங்க் பணம், பிராவிடெண்ட் ஃபண்ட் எல்லாம் இருந்துச்சு. அவங்க அம்மா உரிமை கேட்டாங்க. கணவரோட அக்கா தங்கச்சி வழிப் பையன்களும் கேட்டாங்க.

2009ல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு: பணம் கணவர் வழிக்குத்தான். இது கஷ்டமான விஷயம்தான், ஆனா அனுதாபத்தை வச்சு சட்டத்தை மாத்திப் படிக்க முடியாதுன்னு நீதிபதிகள் சொல்லிட்டாங்க. நாற்பது வருஷம் அந்தப் பெண்ணைப் பார்க்காத வீட்டுக்கு அந்தப் பெண்ணோட சம்பாத்தியம் போச்சு.

இந்தப் பிரிவை எதிர்த்த ஒரு மனு 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்துச்சு. அப்பவும் பிரிவை ரத்து பண்ணல. ஆனா பெண்கள், குறிப்பா இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்கணும்னு நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்துச்சு. சம்பளத்துல ஒரு பங்கை மாசாமாசம் அம்மா அப்பாவுக்கு அனுப்பற பெண்களுக்கு நான் சொல்றதும் அதேதான். உங்களுக்குப் பின்னாடியும் அந்தப் பணம் அவங்களுக்குப் போகணும்னா, நீங்க எழுதி வச்சாத்தான் போகும்.

கல்யாணம் ஆனா பிஎஃப் நாமினேஷன் என்ன ஆகும்?

பிஎஃப்ல ஒரு தனி விதி இருக்கு. உங்களுக்குக் குடும்பம் இருந்தா, குடும்பத்துல உள்ளவங்களைத்தான் நாமினியா போட முடியும். 'குடும்பம்'னா ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கிற அம்மா அப்பா. பெண்ணுக்குக் கணவர், பிள்ளைகள், சார்ந்திருக்கிற அம்மா அப்பா, கணவரைச் சார்ந்திருக்கிற மாமனார் மாமியார். இறந்துபோன மகனோட மனைவி, பிள்ளைகளும் இதுல வருவாங்க. அண்ணன், தம்பி, தங்கச்சி இதுல இல்ல. குடும்பம் இல்லாதப்போ போட்ட நாமினேஷன், குடும்பம்னு ஒண்ணு வந்ததும் தானாவே செல்லாமப் போயிடும். புதுசா போடணும்.

மத்திய அரசு ஊழியர்களோட ஜிபிஎஃப்லயும் இதே மாதிரி விதி உண்டு. போல்லா மாலதி வழக்கு அதைப் பத்தினதுதான். பாதுகாப்புக் கணக்குத் துறையில 2000ல வேலைக்குச் சேர்ந்தவர் அம்மாவை நாமினியா போட்டார். 2003ல கல்யாணம். குரூப் இன்சூரன்ஸ்லயும் கிராஜுட்டியிலயும் மனைவி பேருக்கு மாத்தினார். ஜிபிஎஃப்ல மட்டும் மாத்தல. 2021ல இறந்துட்டார். அந்த ஒரு ஃபார்முக்காக மாமியாரும் மருமகளும் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்னு போனாங்க. 2025 டிசம்பர்ல முடிவு வந்துச்சு: கல்யாணத்தோட பழைய நாமினேஷன் செல்லாது, ரெண்டு பேருக்கும் சமமாப் பிரிக்கணும்.

மாத்தாம விட்டது ஒரே ஒரு ஃபார்ம். நாலு வருஷத்துக்கு மேல ஒரே வீட்டு ரெண்டு பெண்கள் எதிரெதிரா நின்னாங்க.

உங்களுக்கு வேலை சுலபம். இபிஎஃப்ஓ மெம்பர் போர்ட்டல்ல யுஏஎன் போட்டு உள்ள போங்க. 'மேனேஜ்' மெனுவுல 'இ-நாமினேஷன்' இருக்கும். குடும்ப விவரம், பங்கு சதவீதம் கொடுத்து, கடைசியா ஆதார் ஓடிபி மூலமா இ-சைன் பண்ணணும். பல பேர் விவரத்தை மட்டும் சேவ் பண்ணிட்டு வெளிய வந்துடறாங்க. இ-சைன் முடிஞ்சாத்தான் நாமினேஷன் பதிவாகும்.

பிஎஃப் கணக்கோட இடிஎல்ஐ இன்சூரன்ஸும் ஒட்டிக்கிட்டு வருது. வேலையில இருக்கும்போது இறந்தா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். இதுக்குன்னு உங்க சம்பளத்துல தனியா பிடிக்க மாட்டாங்க, கம்பெனிதான் கட்டுது. இது இருக்கறதே தெரியாத குடும்பங்கள் உண்டு, வீட்டுல சொல்லி வைங்க. கிராஜுட்டிக்கு நாமினேஷன் ஃபார்ம் தனி, ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. இறப்புன்னு வந்தா கிராஜுட்டிக்கு அஞ்சு வருஷ சர்வீஸ் நிபந்தனை கிடையாது.

இன்சூரன்ஸ்ல மட்டும் வித்தியாசமா?

ஓரளவுக்கு. 2015ல இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினாங்க. அம்மா, அப்பா, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவங்கள்ல ஒருத்தரை நாமினியா போட்டா, அவங்க வெறுமனே வாங்கறவங்க இல்ல, பணத்தோட பயனுக்கே உரியவங்கன்னு 39-வது பிரிவுல சேர்த்தாங்க. தம்பியையோ நண்பரையோ போட்டா இது பொருந்தாது.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா இந்தத் திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தை மீறாதுன்னு 2025ல கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல சொல்லியிருக்கு. அதனால என் யோசனை: நாமினேஷன்ல யார் பேர் இருக்கோ, அதே பேரை உயில்லயும் எழுதிடுங்க. ரெண்டு காகிதமும் ஒண்ணையே சொன்னா வாதாட இடம் ரொம்பக் குறைஞ்சிடும்.

அப்ப நாமினி எதுக்கு?

வேகத்துக்கு. நாமினி இருந்தா இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிளெய்ம் ஃபார்ம் இருந்தாப் போதும். இல்லன்னா வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதக் கடிதம், பெரிய தொகையா இருந்தா கோர்ட்ல வாரிசுரிமைச் சான்றுன்னு இழுத்துக்கிட்டே போகும். நம்ம பக்கம் இறப்பைக் கொம்யூன் பஞ்சாயத்துல பதியணும், வாரிசுச் சான்றிதழுக்கு வருவாய்த் துறைக்கு, அதாவது தாலுகா அலுவலகத்துக்குப் போகணும். துக்க வீட்டுல இதுக்கு யார் அலையறது?

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர்ல இதை எளிமையாக்கிப் புது விதிகள் கொண்டு வந்துச்சு. காகிதம் எல்லாம் சரியா கொடுத்த 15 நாளுக்குள்ள பேங்க் கிளெய்மை முடிக்கணும். நாமினி இல்லாத கணக்குகளுக்கும் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கின்னா 5 லட்சம் வரை, எளிய நடைமுறை உண்டு.

இன்னொரு நல்ல மாற்றம்: 2025 நவம்பர் 1லேர்ந்து பேங்க் டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரை போடலாம். அம்மாவுக்கு 40, மனைவிக்கு 60ன்னு சதவீதமும் கொடுக்கலாம். லாக்கருக்கு மட்டும் ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர்னு வரிசையாத்தான் போட முடியும்.

உயில் எழுதறது எவ்வளவு பெரிய வேலை?

நீங்க நினைக்கற அளவு இல்ல. 18 வயசு ஆன, தெளிவான மனநிலையில இருக்கற யாரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். கையாலயும் எழுதலாம், டைப்பும் பண்ணலாம். கட்டாயம் வேண்டியது ரெண்டு: உங்க கையெழுத்து, அதை நேர்ல பார்த்த குறைஞ்சது ரெண்டு சாட்சிகளோட கையெழுத்து. சொத்து வாங்கப் போறவங்களைச் சாட்சியா வைக்காதீங்க, பின்னாடி சந்தேகம் கிளப்ப அதுவே போதும். பதிவு கட்டாயம் இல்ல. ஆனா சார் பதிவாளர் அலுவலகத்துல பதிஞ்சு வச்சா உயிலோட பலம் கூடும்.

உள்ளடக்கம் இவ்வளவுதான்:

- பேர், வயசு, முகவரி, தேதி. "இது என் கடைசி உயில், இதுக்கு முன் எழுதியவை செல்லாது" என்ற ஒரு வரி.
- எந்தச் சொத்து யாருக்கு, எவ்வளவு பங்கு. பேங்க் பேர், ஃபோலியோ எண், பாலிசி எண்ணோட.
- "இதில் சொல்லாத, இனி நான் சேர்க்கும் சொத்துகள் இன்னாருக்கு" என்ற ஒரு வரி. இது இல்லன்னா ஒவ்வொரு புது எஸ்ஐபிக்கும் உயிலைத் திருத்தணும்.
- உயிலை நிறைவேத்த ஒரு ஆள்.
- குழந்தை மைனரா இருந்தா யார் பொறுப்புல வளரணும்ங்கற உங்க விருப்பம்.

எப்ப வேணா மாத்தலாம். கடைசியா எழுதினதுதான் செல்லும்.

"இந்த வயசுல உயிலா, அபசகுனமா பேசாதடா"ன்னு வீட்டுல சொல்லுவாங்க. டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் இதேதான் சொன்னாங்க. உயில் எழுதினதால யாரும் சீக்கிரம் போயிடறதில்ல.

இந்த ஞாயித்துக்கிழமை செய்ய வேண்டியது

1. பிஎஃப் போர்ட்டல்ல நாமினியைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதுன்னா புதுசா போட்டு இ-சைன் பண்ணுங்க.
2. பேங்க், எஃப்டி, டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் ஆப்ல நாமினி யாருன்னு ஒரு தாள்ல எழுதுங்க.
3. இன்சூரன்ஸ் பாலிசிகள், கம்பெனி குரூப் பாலிசி, கிராஜுட்டி ஃபார்ம் பத்தி ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க.
4. அந்தத் தாளுக்குப் பக்கத்துல "நான் யாருக்குப் போகணும்னு நினைக்கறேன்" என்ற இன்னொரு பத்தி எழுதுங்க. ரெண்டும் ஒத்துப் போகலன்னா நாமினியை மாத்துங்க, உயில் எழுதுங்க.
5. கணக்கு விவரமும் உயிலும் எங்க இருக்குன்னு வீட்டுல ரெண்டு பேருக்குச் சொல்லுங்க. பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம்.

பூர்வீகச் சொத்து, ரெண்டாவது கல்யாணம், விவாகரத்து வழக்கு நடந்துகிட்டு இருக்கறதுன்னு சிக்கல் இருந்தா மாதிரி உயிலை நம்பாதீங்க, வக்கீல்கிட்ட போங்க. அவர் வாங்கற ஃபீஸ் பின்னாடி ஆகப்போற வழக்குச் செலவுல ஒரு துளிதான்.

கல்யாணம் ஆனவங்க இதைத் தனியா உட்கார்ந்து செய்யாதீங்க. கணவன் மனைவி ரெண்டு பேரும் ஃபோனைத் திறந்து வச்சுக்கிட்டு சேர்ந்து செய்யுங்க. ரெண்டு பக்கத்து அம்மா அப்பாவுக்கும் என்ன செய்யணும்னு அப்பவே பேசி முடிவெடுங்க. இ-நாமினேஷன் ஸ்க்ரீனை ஒவ்வொரு படியா அடுத்த வீடியோவுல காட்டறேன். அதுவரைக்கும் முதல் வேலையா அந்தத் தாளை எழுதி முடிச்சு வைங்க.